வலி நின்றது, கல் எங்கே?



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குடும்ப ஜெபத்தைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், கடன் தொல்லையைப் பற்றியும் எழுதி வருகிறேன். இம்மாதம் ஒரு மருத்துவப் பரிசோதனையைப் பற்றி எழுதும்படி ஏவப்பட்டேன். நான் வைத்தியன் அல்ல; ஆயினும் கட்கி, போபோடி, தாபோடி, பிம்ப்ரி, தேஹு ரோடு என்று புனேயைச் சுற்றிக் கூடுகிற நம்முடைய தமிழ்ச் சபைகளில் கோடை தொடங்கியவுடன் ஜெபக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "கிட்னியில் கல்" என்பதே அது. மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களை மருத்துவர்கள் கல் நோய் மிகுந்த பிரதேசமாகவே கணக்கிடுகிறார்கள். வார்ப்பு ஆலைகளின் வெப்பத்திலும், கட்டட வேலையிலும், வண்டி ஓட்டுகிற வேலையிலும் இருக்கிற நம்முடைய சகோதரர்கள் தண்ணீர் குடிப்பதோ குறைவு. நம்முடைய சகோதரிகளோ வேலை செய்யும் இடத்தில் சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகவே தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள்.

சபைகளில் நடக்கிற காரியம் பெரும்பாலும் ஒரே விதமாயிருக்கிறது. நள்ளிரவில் விலாவின் பின்புறத்தில் வலி தொடங்குகிறது. அது அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்குகிறது, வாந்தி வருகிறது, மனிதனால் ஒரு நிலையில் படுத்திருக்க முடிவதில்லை. அருகிலுள்ள டாக்டர் ஊசி போடுகிறார். ஊழியக்காரரும் விசுவாசிகளும் வந்து ஜெபிக்கிறார்கள். விடியும்போது வலி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப்படுகிறது. ஸ்கேன் எடுக்கும்படி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு வேதாகமத்தின் உள்ளேயே இருந்துவிடுகிறது.

பிரியமானவர்களே, இங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். கர்த்தர் சுகமாக்குகிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன், எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். ஆனால் வலி நின்றது என்பதும் கல் போயிற்று என்பதும் ஒன்றல்ல. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குகிற மெல்லிய குழாயில் கல் சிக்கும்போது, அதற்கு மேலே சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே வலி. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, அழுத்தம் தணிகிறது, வலியும் தணிகிறது. கல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது! முழுமையான அடைப்பு சில வாரங்கள் நீடித்தாலே அந்தச் சிறுநீரகத்தில் திரும்பாத சேதம் தொடங்கக்கூடும். மற்றச் சிறுநீரகம் இரண்டின் வேலையையும் சுமப்பதால் மனிதனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பல மாதங்களுக்குப் பின்பு வேறொரு காரியத்துக்காகப் பரிசோதிக்கும்போது, ஒரு பக்கத்துச் சிறுநீரகம் சுருங்கிப் பயனற்றுப்போயிற்று என்று டாக்டர் சொல்லுவார். வலி இல்லாமல் ஒரு அவயவத்தை இழப்பது எவ்வளவு துக்கமான காரியம்!

ஆண்டவர் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினபோது என்ன செய்தார் என்று கவனியுங்கள். லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் ஒரு மனுஷனைத் தொட்டுச் சுத்தமாக்கிவிட்டு, போய் ஆசாரியனிடத்தில் காண்பிக்கும்படி கட்டளையிட்டார். 17-ஆம் அதிகாரத்தில் பத்துப்பேரையும் அவ்விதமே அனுப்பினார். சுகமாக்கினவருக்குத் தாம் செய்தது தெரியாதா? தெரியும். ஆயினும் நியாயப்பிரமாணம் நியமித்த பரிசோதனையை அவர் தள்ளிவிடவில்லை. லேவியராகமம் 13-ஐ வாசித்தால் அந்தப் பரிசோதனை எத்தனை நிதானமானது என்பது விளங்கும். ஆசாரியன் பார்க்கிறான், சந்தேகமாயிருந்தால் ஏழு நாள் அடைத்துவைக்கிறான், மறுபடியும் பார்க்கிறான், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். சாட்சி சொல்லுகிறதற்கு முன் கல் போயிற்றா என்று பார்த்துக்கொள்ளுகிறவனை அவிசுவாசி என்று ஒருவரும் சொல்லாதிருக்கக்கடவர்கள்.

பார்ப்பதற்கு வழியே இல்லாதிருந்த காலமும் இருந்தது. 1537-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜெர்மனியின் ஷ்மால்கால்டன் என்னும் ஊரில் சீர்திருத்தத் தலைவர்கள் கூடியிருந்தபோது, மார்ட்டின் லூதர் கல் நோயினால் விழுந்தார். பல நாள்களாகச் சிறுநீர் இறங்கவில்லை. பிரபுக்களின் வைத்தியர்கள் தங்களுக்குத் தெரிந்த யாவற்றையும் செய்துபார்த்தார்கள், பலனில்லை. தாம் மரிக்கப்போகிறதாகவே எண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொண்டார். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கிக்கொண்டே போயிற்று. தம்பாக் என்ற ஊரில் தங்கிய இரவில் அடைப்புத் திறந்தது. அவர் தம்முடைய மனைவி கத்தரீனாளுக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். நம்முடைய ஆராதனைகளில் சொல்லத்தக்க சாட்சி அது. ஆனால் கல் எங்கே இருந்தது, எத்தனை பெரியது, எந்தப் பக்கத்தை அடைத்தது என்று அந்த வைத்தியர்களில் ஒருவருக்கும் தெரியாது. இருட்டறையில் தடவுகிறவர்களைப் போலவே அவர்கள் வைத்தியம் செய்தார்கள்.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தபின் இருட்டு சற்று விலகிற்று. ஆயினும் எல்லாக் கற்களும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. யூரிக் அமிலக் கற்கள் அதில் மறைந்துகொள்ளும். பிறகு நரம்பில் மருந்து செலுத்தி அடுத்தடுத்துப் படம் எடுக்கிற ஐ.வி.பி. என்னும் முறை வந்தது. உங்களில் வயதானவர்களுக்கு அது நினைவிருக்கும். வெறும் வயிறு, பேதி மருந்து, பாதி நாள் காத்திருப்பு. சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலைசெய்தவர். நாய்ப் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனிதான்! 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் தலை அந்த இயந்திரத்தில் படமெடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விலா வலிக்கு, நரம்பில் மருந்து எதுவும் செலுத்தாமல் எடுக்கிற சி.டி.யை ஐ.வி.பி.யோடு ஒப்பிட்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் உலகமெங்கும் ஐ.வி.பி. பெரும்பாலும் ஓய்வுபெற்றது. இன்று சில விநாடிகளில், ஏறக்குறைய எல்லா வகைக் கற்களையும், அவற்றின் இடத்தையும் அளவையும் சி.டி. காட்டிவிடுகிறது. அன்றியும், வலிக்குக் காரணம் கல்லே அல்ல, குடல்வால் வீக்கம் அல்லது வேறொன்று என்றால் அதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது.

அப்படியானால் விலா வலி வந்த ஒவ்வொருவரும் உடனே ஓடிப்போய் சி.டி. எடுக்கவேண்டுமா? வேண்டியதில்லை. இதையும் நான் அழுத்திச் சொல்லவேண்டியதாயிருக்கிறது. ஏனென்றால் சீட்டை வேதாகமத்தில் வைத்துவிட்டு மறக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, "பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் டாக்டர் நன்றாகப் பார்த்தார் என்று அர்த்தம்" என்று எண்ணுகிறவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். சி.டி. என்பது பல கோணங்களிலிருந்து எடுக்கிற எக்ஸ்ரே. அதில் கதிர்வீச்சு உண்டு. இயற்கையாக மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதன்மேல் ஓர் ஆண்டில் படுவது உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு வழக்கமான முறையில் எடுக்கிற ஒரு சி.டி. ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட் வரைக்கும் போகலாம். கல்லுக்கென்று குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முறையில் அது 4-க்குள் அடங்கும். மிகவும் பருமனாயில்லாதவர்களுக்கு இந்தக் குறைந்த அளவே பெரும்பாலும் போதுமானது. "லோ டோஸில் எடுக்கமுடியுமா?" என்று கேட்பதில் தவறில்லை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் வருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதில் தொடங்கி ஒவ்வொரு வலிக்கும் சி.டி. என்று போனால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

2014-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் 15 மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்குக் கல் வலி என்ற சந்தேகத்தோடு வந்த 2,759 பேரைப் பிரித்து, சிலருக்கு முதலில் சோனோகிராஃபியும், சிலருக்கு முதலில் சி.டி.யும் எடுத்தார்கள். ஆபத்தான நோய் தவறவிடப்பட்டு அதனால் கேடு வந்தவர்கள் எந்தப் பிரிவிலும் மிகச் சிலரே. பிரிவுகளுக்குள் வித்தியாசமும் காணப்படவில்லை. சோனோகிராஃபியில் தொடங்கினவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகும் சி.டி. தேவைப்படவில்லை. அவர்கள்மேல் பட்ட கதிர்வீச்சும் குறைவாயிருந்தது. ஆகையால் டாக்டர் முதலில் சோனோகிராஃபி எழுதினால், "இவர் சிக்கனமாகப் பார்க்கிறார்" என்று முறுமுறுக்காதீர்கள்.

சோனோகிராஃபியில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. அதற்கும் ஒரு குறை உண்டு. குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல்லைக் குடலின் காற்று மறைத்துவிடும். சிறிய கற்கள் தப்பிவிடும். ஆனால் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அது சாதாரணமாகத் தெரிந்துவிடும். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச்சொல்லுவார்கள். சிரமம்தான், ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழாயின் அடிமுனையிலுள்ள கல் நன்றாகத் தெரியும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் சோனோகிராஃபியே. நம்முடைய இளம் சகோதரிகள் ஒரு காரியத்தில் கூச்சப்படவேண்டாம்: மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால், சி.டி. அறைக்குள் போவதற்கு முன்பே அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சி.டி. அவசியமாகும் சமயங்களும் உண்டு. சோனோகிராஃபியில் வீக்கம் தெரிந்து கல் தெரியாதபோதும், வலி அடங்காதபோதும், ஒரே சிறுநீரகம் உள்ளவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் டாக்டர் அதைக் கேட்பார். அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் "கல் வலி" வந்தால், அது கல் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடாதீர்கள். வயிற்றின் பெரிய இரத்தக்குழாய் வீங்கிக் கசிந்தாலும் அதே இடத்தில் அதே விதமாய் வலிக்கும். அங்கே மணிக்கணக்குதான், நாள்கணக்கு இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது காய்ச்சல். விலா வலியோடு குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்திருக்கலாம். அது சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரைக் கொண்டுபோகக்கூடியது. மாத்திரை போதாது, ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப்புறமாகக் குழாய் செலுத்தியோ அடைப்பை உடனே வடிக்கவேண்டும். அன்றிரவே சசூன் மருத்துவமனைக்கோ, பிம்ப்ரியிலுள்ள யஷ்வந்த்ராவ் சவான் மருத்துவமனைக்கோ, உங்களுக்கு அருகிலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். ஆட்டோவில் ஜெபித்துக்கொண்டே போகலாம்.

இந்த ஊரில் பாஷையும் நமக்கு ஒரு தடை. நம்முடைய தாய்மார் "போட்டாத் துக்தய்" என்று மராத்தியில் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு வயிறு வலிக்கிறது என்றுதான் பொருள். டாக்டர் வாயுவுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். கையை விலாவின் பின்புறத்தில் வைத்து, வலி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்று காட்டுங்கள். "முத்கடா" என்று டாக்டர் சொன்னால் அது சிறுநீரகக் கல்லே. இந்தியில் "பத்ரி" என்பார்கள். இன்னொரு குழப்பம் நம்முடைய தமிழிலேயே இருக்கிறது. சோனோகிராஃபியையும் "ஸ்கேன்" என்கிறோம், சி.டி.யையும் "ஸ்கேன்" என்கிறோம். "ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாயிற்று" என்று சொன்னால் எதை எடுத்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. தாளைக் காட்டுங்கள்.

அந்தத் தாளில் மூன்று காரியங்களைப் பார்க்கலாம். ஒன்று, கல்லின் அளவு. குழாயில் இருக்கிற 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சில வாரங்களில் தானாக வெளியேறும். 5 முதல் 10 மி.மீ. வரை உள்ளவற்றில் பாதியளவே வெளியேறும். இரண்டாவது, "ஹைட்ரோநெஃப்ரோசிஸ்" என்ற வார்த்தை. சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது, எச்.யு. என்ற எழுத்துக்களோடு ஓர் எண். அது ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிற அளவு. கல்லின் அடர்த்தியைக் காட்டும். 500-க்குள் இருந்தால் யூரிக் அமிலக் கல்லாக இருக்கக்கூடும்; அவ்வகையை மருந்தினாலேயே கரைக்க வழியுண்டு. 1,000-ஐத் தாண்டினால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது கடினம் என்று டாக்டர் வேறு முறையை யோசிப்பார். "காத்திருந்து பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் அதற்கும் ஒரு தவணை உண்டு. நான்கு வாரம் என்று சொன்னால் நான்காம் வாரம் போய் மறுபடியும் காண்பியுங்கள், வலி இல்லாதிருந்தாலும். ஆசாரியனுடைய ஏழு நாளும் அப்படிப்பட்டதே.

ராஜாவாகிய ஆசாவைக் குறித்து என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. 2 நாளாகமம் 16-இல் அவன் வைத்தியர்களைத் தேடினது குற்றமாக எழுதப்பட்டிருக்கிறதே என்பார்கள். அந்த வசனத்தை முழுவதும் வாசியுங்கள். அவன் கர்த்தரைத் தேடாமற்போனதே அங்கே சொல்லப்படுகிற குறை. எசேக்கியாவோ ஜெபித்தான், பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கப்பட்டான்; அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் போடச்சொன்னதும் இருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்றபோது எனக்கு வியப்பாயிருந்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். லேவியராகமத்துப் பலிகளில் நம்முடைய வேதாகமம் "குண்டிக்காய்" என்று சொல்லுகிற அதே எபிரெயச் சொல்தான் சங்கீதம் 139-லும் எரேமியா 17-லும் "உள்ளிந்திரியம்" என்று வருகிறது. கர்த்தர் சோதித்தறிகிறது மனிதனுடைய சிறுநீரகத்தை என்றே எபிரெயர் சொல்லிவந்தார்கள்.

உபவாச மாதங்களில் ஒரு வார்த்தை. முன்பு கல் வந்தவர்கள் தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் உபவாசம் எடுக்கவேண்டாம். ஆகாரத்தை விடுங்கள், தண்ணீரை விடாதீர்கள். நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உப்பைக் குறையுங்கள், பாலை நிறுத்தவேண்டியதில்லை. வாழைத்தண்டுச் சாறும், இங்கே குளித் என்று விற்கிற கொள்ளுத் தண்ணீரும் குடிக்க ஆசையாயிருந்தால் குடியுங்கள், 9 மி.மீ. கல்லை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இராதேயுங்கள். பீர் குடித்தால் கல் கரையும் என்று வேலைத்தலத்தில் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு, கரையாது என்று சொல்லுங்கள். மருத்துவமும் நம்முடைய பக்கமே இருக்கிறது.

செலவைப் பற்றி: இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த உரிமையை விட்டுவிடாதிருங்கள். மகாராஷ்டிரத்து ரேஷன் கார்டு உள்ளவர்கள், 2017 முதல் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனா என்று பெயர்பெற்றிருக்கிற அரசுத் திட்டத்தைக் குறித்து மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

கடைசியாக, சிகிச்சை நடுவில் ஊருக்குப் புறப்படுகிறவர்களுக்கு. கல்லை எடுத்தபின் உள்ளே டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். அதைச் சில வாரங்களில் எடுக்கவேண்டும். பொதுவாக மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. பண்டிகைக்கும் கலியாணத்துக்கும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிப்போய், வலி இல்லை என்று மறந்து, வருஷக்கணக்கில் உள்ளேயே விட்டவர்களுக்கு அந்தக் குழாயின்மேலேயே கல் படிந்து, அதை எடுக்கத் தனியே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. ஸ்டென்ட் எடுக்கவேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள். உங்கள் போதகரிடமும் சொல்லிவையுங்கள், அவர் கேட்பார். சி.டி. எடுத்த இடத்தில் அறிக்கையோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, துணிப்பெட்டியில் மடங்காமல் வைத்துக்கொண்டுபோங்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ பார்க்கிற டாக்டர் அதைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும், இன்னொரு சி.டி. எடுக்கும் செலவும் கதிர்வீச்சும் மிஞ்சும்.